எதிர்ப்பக்கத்து இங்கிலீசு

பெரியகல்லாற்றில் இங்கிலீசு தெரிந்தவர்கள் என்று ஊர் ஒத்துக்கொண்டது மூன்று பேரைத்தான். தபாற்கந்தோர் மாஸ்டர் ஒருவர். கந்தோரைப் பூட்டும்போது அவர் தன் இங்கிலீசையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார். மாதத்தில் ஒருதரம் பூசை வைக்க வரும் சுவாமியார் இன்னொருவர். அவர் பேசுவது இங்கிலீசா இலத்தீனா என்று ஒருவருக்கும் பிடிபடாது. மூன்றாவது ஆள், ஆற்றில் வலை வீசிப் பிழைக்கும் யாக்கோப்பின் பெண்சாதி பீற்றிஸ். முதல் இருவருக்கும் ஊர் மரியாதை கொடுத்தது. பீற்றிஸுக்குப் பயந்தது. ஏனென்றால் அவள் இங்கிலீசில் ஏசுவாள்.

அடுத்த வளவு அன்னப்பூரணியின் ஆடு வேலிக்குள்ளால் தலையை நீட்டினால் போதும், பீற்றிஸ் அகப்பைக் காம்போடு முற்றத்தில் நிற்பாள். "அவுட்! அவுட், யூ நோட்டி லிட்டில் போய்!" என்று ஒரு சத்தம். ஆடு உடனே தலையை இழுத்துக்கொள்ளும். ஆட்டுக்கு விளங்கிய இங்கிலீசு அவளைக் கட்டிய மனிசனுக்குப் பத்து வருசமாக விளங்கவில்லை. தன்னை ஏசுகிறாளா கொஞ்சுகிறாளா என்று தெரியாமல் இரண்டுக்கும் பொதுவாக ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டு யாக்கோப்பு தோணிக்குப் போய்விடுவான். குடும்பம் சண்டையில்லாமல் ஓடியதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம்.

அவளுக்கு இங்கிலீசு வந்த வழியைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்த கூத்து விளங்காது. கல்யாணத்துக்கு முன்னே பீற்றிஸ் மட்டக்களப்பு டவுனில் குளம் வாய்க்கால் பார்க்கும் ஒரு இறிகேசன் துரையின் பங்களாவில் ஆயாவாக இருந்தவள். ஆற்றைப் பார்த்த விறாந்தை, விறாந்தையில் ஒரு பெரிய மேசை. காலைச் சாப்பாடு முடிந்ததும் துரைசாணி தன் மகனைக் கதிரையில் இருத்தி, சிவப்பு மட்டை போட்ட ஒரு புத்தகத்தை விரித்து எழுத்துக் காட்டுவாள். பையன் இனிப்புத் தின்ற வாயும் கையுமாக இருப்பான். ஈ மொய்க்கும். அந்த ஈயைக் கலைப்பதுதான் பீற்றிஸின் வேலை. மேசைக்கு எதிர்ப்பக்கத்தில், ஓலை விசிறியோடு, நின்றபடி.

நிற்கிற ஆளுக்கும் இரண்டு கண் இருக்கிறது என்பது துரைசாணிக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பையனோ, கர்த்தர் மன்னிக்கட்டும், சரியான மந்தம். அவன் நாலு எழுத்தைப் பிடிக்கிற நேரத்துக்குள் பீற்றிஸ் நாற்பது சொல்லைப் பிடித்துவிட்டாள். அவன் ஒரு சொல்லில் தடக்கி மேலும் கீழும் முழிக்கும்போது இவளுக்கு நாக்கு அரிக்கும். ஒருநாள் தாங்கமாட்டாமல் விசிறிக்குப் பின்னால் அந்தச் சொல்லை மெல்ல விட்டுவிட்டாள். பையன் அதை ஏந்திக்கொண்டு உரக்கச் சொன்னான். துரைசாணி மகனைக் கட்டிக் கொஞ்சி "வெரி குட்" என்றாள். பீற்றிஸ் ஈ கலைத்தாள். அதன்பின் அந்தப் பையன் மளமளவென்று தேறியதற்கு யார் காரணம் என்பது ஈக்களுக்குத்தான் தெரியும்.

துரை மாற்றலாகிச் சீமைக்குக் கப்பலேறியபோது துரைசாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆயாவுக்கு இரண்டு பழைய கவுனையும் அந்தச் சிவப்புப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போனாள். ஊருக்கு வந்த அன்றைக்கே பீற்றிஸ் ஆசையோடு பாயில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். ஒரு எழுத்தும் தெரியவில்லை! முன்பின் கண்டிராத எழுத்துகள். புத்தகம் கைதவறி விழ, எடுத்தபோது அது தலைமாறிக் கிடந்தது. அவ்வளவுதான், பழகிய எழுத்துகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று படித்தவளுக்கு இங்கிலீசு தலைகீழாகத்தான் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. நேராக வைத்து எத்தனையோ தரம் பார்த்தாள். கண் வலித்ததே தவிர எழுத்து வசப்படவில்லை.

இதை அவள் யாக்கோப்பிடம்கூடச் சொல்லவில்லை. சொல்வாளா? ஊர் முழுக்க "பீற்றிஸக்கா துரைமாரோட இருந்த ஆள்" என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது யார்தான் சொல்வார்கள்?

மறைப்பதற்கு அவள் கண்டுபிடித்த உபாயம் இருக்கிறதே, அதற்கே ஒரு பட்டம் கொடுக்கலாம். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் புடவை கொண்டுவந்து விற்கும் பக்கீர் காக்காவுக்குக் கொழும்பு மொத்தக் கடையிலிருந்து இங்கிலீசில் அச்சடித்த கடுதாசி வரும். அதை அவர் பீற்றிஸிடம் நீட்டுவார். இவள் தொடவே மாட்டாள்.

"நீங்களே பிடிங்க காக்கா. உங்களுக்கு நேரா, நெஞ்சுக்கு நேரா பிடிங்க. அடுத்த ஆள்ற கடுதாசியக் கையால தொட்டு வாசிக்கிறது துரைமாரிட முறையில்ல."

பக்கீர் காக்கா கடுதாசியைத் தன் நெஞ்சுக்கு முன்னே தட்டம் மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்பார். பீற்றிஸ் எதிரே நின்று எட்டிப்பார்த்து வாசிப்பாள். "என்ன மரியாதகா! படிச்ச ஆக்கள் எண்டா இப்பிடித்தான் இருக்கோணும்" என்று அவர் போகிற ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போவார். அன்னப்பூரணி ஆஸ்பத்திரி மருந்துப் போத்தலைக் கொண்டுவந்தால், பீற்றிஸ் மூடியை இறுக்கிவிட்டுப் போத்தலைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு ஒட்டுக் கடுதாசியை வாசிப்பாள். மருந்தைக் கலக்குகிறாள் என்று அன்னப்பூரணி நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாரும் போத்தலைக் கவிழ்த்து வைக்காமல் மருந்து குடித்ததில்லை.

இப்படி மானமாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் மகள் பிலோமினாவுக்கு ஆறு வயதாகியது. பூசைக்கு வந்த சுவாமியார் ஒரு செய்தி கொண்டுவந்தார். டவுன் கன்னியர் மடத்து இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் வருசம் பிறக்கும்போது வெளியூர்ப் பிள்ளைகளில் ஒன்றிரண்டை எடுப்பார்களாம். முதல் புத்தகம் வாசிக்கவும் பேர் எழுதவும் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தால் மடத்திலேயே தங்கிப் படிக்கலாம். தெரியாவிட்டால் வந்த வழி போகவேண்டியதுதான்; மதர் சுப்பீரியர் அந்த விசயத்தில் இரும்பு.

"உங்களுக்கென்ன, தாய்க்காரி இருக்கிறாவே!" என்று சுவாமியார் சிரித்துவிட்டுப் போனார். சனமும் அதையே சொல்லியது. பீற்றிஸ் மட்டும் சிவப்புப் புத்தகத்தை இன்னொருதரம் நேராக விரித்துப் பார்த்துவிட்டு மூடிவைத்தாள்.

ஆனாலும் அவளுக்கு அந்த இடம் வேண்டும். எப்படியும் வேண்டும். யாக்கோப்பு "ஊர்ப் பள்ளிக்கூடம் இரிக்குதானே, அதில படிச்சா எழுத்து வராதா?" என்று கேட்டபோது அவள் உலைமூடியைத் தடாலென்று வைத்தாள்.

"என்ர புள்ள ஒரு மேசைக்கு முன்னால, கதிரையில இருந்து படிக்கோணும். ஒருத்தன்ட புள்ளைக்கு ஈ கலைக்கப் போகப்படாது. விளங்கிச்சா?"

இதை அவள் தமிழில் சொன்னதால் யாக்கோப்புக்கு உடனே விளங்கியது.

பீற்றிஸ் கெட்டிக்காரி, நன்றாக யோசித்துத்தான் திட்டம் போட்டாள். பிள்ளையை எதிரே இருத்துவது. புத்தகம் பிள்ளைக்கு நேராக இருக்கும், தனக்குத் தலைகீழாக இருக்கும். இரண்டு பேருக்கும் சரி. தனக்குத் தெரிந்ததும் வீண்போகாது, பிள்ளை படிப்பதும் பிழைபோகாது. எவ்வளவு அருமையான யோசனை! அதைக் கெடுத்தது ஊர் வழக்கம்.

அந்தப் பகுதியில் பிள்ளைக்கு முதல் எழுத்துக் காட்டுவதென்றால் அது சும்மா காரியமில்லை. சுளகில் பச்சரிசி பரப்பி, பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து எழுதவேண்டும். வேதக்காரர் வீடானாலும் சைவக்காரர் வீடானாலும் மடி மடிதான். பீற்றிஸ் பிள்ளையை எதிரே பாயில் இருத்தியதைக் கண்டதும், வேடிக்கை பார்க்க வந்த அன்னப்பூரணி கன்னத்தில் கைவைத்தாள்.

"இதென்னகா அநியாயம்! பெத்த தாய் புள்ளைய மடியில வைக்காம, வழக்குக்காரி மாதிரி எதிர்ல இருத்தி எழுத்துக் காட்டுறதா? புள்ளைக்குப் படிப்பு ஒட்டுமா?"

நாலு பெண்கள் "ஓம், ஓம்" என்றார்கள். காரணம் சொல்லப்போனால் குட்டு வெளிப்படும். பீற்றிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தாள். ஒரு எழுத்துக்குத்தானே, பிறகு எதிரே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிஞ்சு விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுதினாள். அவளுக்குத் தெரிந்த மாதிரி. சுற்றி நின்றவர்களுக்கு அது எந்தப் பக்கம் எழுதினாலும் இங்கிலீசுதான். குரவை போடாத குறை.

பிறகு மாற்ற முடிந்தால் அல்லவா? அடுத்த நாள் எதிரே இருத்தினால் பிலோமினா தவழ்ந்து வந்து மடியில் ஏறிவிடுகிறாள். இறக்கிவிட்டால் மறுபடி ஏறுகிறாள். தலையைத் தாயின் நாடிக்குக் கீழே வாகாக வைத்துக்கொண்டு, "இப்ப சொல்லுங்கம்மா" என்கிறாள். எண்ணெய் வைத்த அந்தச் சின்னத் தலையின் வாசம் மூக்கில் ஏறினால் எந்தத் தாய் இறக்கிவிடுவாள்? மடியில் வைத்தே சிவப்புப் புத்தகத்தைத் தனக்குத் தெரிந்தபடி தலைகீழாக விரித்தாள். சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்கப் பிள்ளை பிடித்தது பாருங்கள், அது தாயைக்கூடத் தோற்கடிக்கிற பிடி. அந்தச் சந்தோசத்தில் பீற்றிஸுக்கு எந்தப் பக்கம் என்பதே மறந்துபோயிற்று. அவளுடைய விரல் புத்தகத்தின் கீழ்மூலையில், வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கமாக ஓடும். வரி முடிந்தால் ஒருபடி மேலே ஏறும். பிள்ளையின் வாய் பின்னாலேயே ஓடும்.

ஒருநாள் பக்கீர் காக்கா, பிலோமினாவின் சட்டைக்கு வெள்ளைத் துணி கிழிக்க வந்தவர், அளவுகோலை வைத்துவிட்டு நின்று பார்த்தார். அவருடைய முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று.

"அல்ஹம்துலில்லாஹ்! இங்கிலீசும் வலத்தாலதான் வருகுதா புள்ள? நம்மட குர்ஆன் ஓதல் மாதிரியே இரிக்கி. இது தெரியாம எங்கட ஆக்கள் இவ்வளவு காலமும் பயந்துபோய் இருந்தாங்களே!"

அவர் காத்தான்குடிக்குப் போய் இதைப் பரப்பினார் என்றும், இரண்டு வாப்பாமார் தங்கள் பொடியன்களை இங்கிலீசு படிக்கவிட இசைந்தார்கள் என்றும் ஒரு கதை. உண்மை பொய் தெரியாது. பீற்றிஸ் அப்போதும் விழித்துக்கொள்ளவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? கையெழுத்துக்குப் பதிலாகப் புள்ளடி போடுகிற யாக்கோப்பு. நத்தார்ப் பெருநாளுக்குக் கொஞ்ச நாள் முன்னே, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவன் பீற்றிஸின் தோளுக்கு மேலால் எட்டிப்பார்த்தான். தாயும் மகளும் மாட்டுப் படம் போட்ட பக்கத்தில் நின்றார்கள். பிலோமினா துரைசாணியின் குரலிலேயே, மூக்கைக் கொஞ்சம் சுருக்கி, "த கௌ ஈட்ஸ் கிராஸ்" என்று வாசித்தாள்.

"என்ன சொல்லுது?" என்று யாக்கோப்பு கேட்டான்.

"மாடு புல் தின்னுதாம்."

"அதெப்பிடித் தின்னும்? நாலு காலையும் மேல தூக்கிட்டுக் கிடக்கே. செத்த மாடல்லவா?"

பீற்றிஸ் குனிந்து பார்த்தாள். வருசக்கணக்காக அந்த மாட்டை அவள் அப்படித்தான் பார்த்திருக்கிறாள். மாடு என்றாலே அவளுக்கு அந்தப் புத்தகத்தில் கால் மேலேதான். பிள்ளைக்கும் எந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனாலும் வாய் விடுமா?

"அது இங்கிலீசு மாடு. உங்களுக்கென்ன தெரியும்? வலையப் பொத்துங்க."

"சரி சரி. நம்மட ஊர் மாடு அப்பிடிக் கிடந்தா தோலுரிக்கத் தூக்கிட்டுப் போவாங்கள்" என்று சொல்லிவிட்டு அவன் வலையைப் பொத்தினான்.

அவன் தோணிக்குப் போனதும் பீற்றிஸ் பிள்ளையை எதிரே இருத்தி, புத்தகத்தை நேராக வைத்து, "வாசி மகள்" என்றாள். பிலோமினா பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "இது வேற புத்தகம்மா. எனக்கு இது தெரியா" என்று சொல்லி, புத்தகத்தைத் திருப்பிப்போட்டுக் கடகடவென்று வாசித்தாள். மறுபடி நேராக வைத்தால் மறுபடி திருப்பினாள். மிட்டாய் காட்டியும் பார்த்தாயிற்று, தொடையில் ஒன்று போட்டும் பார்த்தாயிற்று. பிள்ளை அழுதபடியே திருப்பியது. எதிரே இருந்தபடி முதல் எழுத்திலிருந்து மறுபடி காட்டலாம் என்றால் பிள்ளை விட்டால்தானே, நாளும் இல்லையே! குருடிக்குக் குருடி கோல் பிடித்த கதைதான். போகாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தாள். ஆனால் சட்டை தைத்தாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று, பிள்ளை தன் துணிகளைத் தானே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டது. பீற்றிஸ் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள்.

வருசம் பிறந்தது. மூன்று பேரும் கல்முனையிலிருந்து வருகிற பஸ்ஸில் ஏறினார்கள். பீற்றிஸ் துரைசாணியின் பழைய கவுனைச் சுருக்கிப் போட்டிருந்தாள். பிலோமினாவின் வெள்ளைச் சட்டையில் கஞ்சி அப்படி மொறுமொறுத்தது, அவளால் உட்காரவே முடியவில்லை. யாக்கோப்பின் மடியில் ஒரு பனையோலைக் கூடை. அதற்குள் மதருக்குக் காணிக்கையாகக் கால் கட்டிய ஆற்று நண்டுகள். "வெறுங்கையோட போய்ப் பெரிய ஆக்கள்ற முகத்தப் பாக்கிறதா?" என்று அவன் பிடித்த பிடியாக நின்றான். களுவாஞ்சிக்குடி தாண்டுவதற்குள் ஒரு நண்டு கட்டவிழ்த்துக்கொண்டு கொண்டக்டரின் களிசான் காலைப் பிடித்தது. பிறகு டவுன் வரைக்கும் அவர்களிடம் யாரும் நெருக்கி உட்காரவில்லை.

மடத்து அறையில் ஒரு மேசை. அந்தப்பக்கம் மதர். சிவந்த முகம், வெள்ளை அங்கி, கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற பார்வை. இந்தப்பக்கம் ஒரு கதிரை, அதில் பிலோமினா ஏறிக்கொண்டாள். பீற்றிஸ் பழக்கதோசத்தில் நின்றாள். யாக்கோப்பு வெளியே, யன்னலோரம், கூடையோடு.

பீற்றிஸ் தன் நல்ல இங்கிலீசை எடுத்து விட்டாள். காலையில் துரைசாணி மகனிடம் கேட்கிற அதே கேள்வி. மதரைப் பார்த்து, "குட் மோர்னிங். டிட் யூ ஸ்லீப் வெல், மை டியர்?" என்றாள். நன்றாகத் தூங்கினாயா கண்ணே என்று மதர் சுப்பீரியரை அந்த மடத்தில் முப்பது வருசமாக யாரும் கேட்டதில்லை. மதருக்குக் காது சிவந்தது. ஆனால் கோபம் வரவில்லை. "நன்றாக நித்திரை செய்தோம்" என்று வேதாகமத் தமிழில் பதில் சொன்னா. அதற்குப் பிறகு மதர் தமிழிலும் பீற்றிஸ் இங்கிலீசிலுமாகப் பேச்சு நடந்தது. இரண்டு பேருக்கும் தங்கள் கெட்டித்தனத்தைக் காட்டவேண்டாமா?

"குழந்தாய், வாசிப்பாயாக" என்று சொல்லி மதர் ஒரு புத்தகத்தைப் பிள்ளைக்கு நேராக விரித்து வைத்தா. சிவப்பு மட்டையில்லை, வேறு புத்தகம். பீற்றிஸ் பிள்ளையின் கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

பிலோமினா புத்தகத்தைப் பார்த்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, மதருக்கு நேராக வைத்தாள். பிறகு தன் பக்கத்தில் இருந்தபடியே, விரலை மதரின் இடக்கைப் பக்கத்திலிருந்து ஓட்டி, தெளிவாக வாசிக்கத் தொடங்கினாள். தெரியாத சொல் வந்தபோது எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கூட்டினாள். பக்கம் முடிந்தது. "ஷல் ஐ கோ ஒன்?" என்று கேட்டுத் தலையைச் சாய்த்தாள்.

மதரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. "பெரியவருக்கு நேராகப் புத்தகத்தைத் திருப்பி வைத்து, தான் எதிரே இருந்து வாசிக்கிறாளே! எத்தனை மரியாதை! எத்தனை திறமை!" என்றா. ஒரு சிலேட்டைக் கொடுத்துப் பேர் எழுதச் சொன்னா. பிலோமினா வலப்பக்கத்தில் தொடங்கினாள். ஒவ்வொரு எழுத்தும் மதருக்கு நேராக, மதர் வாசிக்கத் தோதாக விழுந்தது. மதர் எழுந்து வாசலுக்குப் போய் இன்னொரு கன்னியாஸ்திரியைக் கூப்பிட்டா. அவவும் வந்து பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டா.

"பாலர் வகுப்பு இவளுக்கு வேண்டாம்" என்று மதர் சொன்னா. "இரண்டாம் வகுப்பில் வைப்போம். ஆயர் ஆண்டகை வரும் நாளில் இவளே சபைக்கு முன்னால் வாசிக்கட்டும்."

யன்னலுக்கு வெளியே யாக்கோப்புக்கு நெஞ்சு ஒரு முழம் அகன்றது. "என்ர மகள்" என்று வழியில் போன தோட்டக்காரனிடம் சொன்னான். தோட்டக்காரன் கூடைக்குள் என்ன என்று கேட்டான்.

மதர் பீற்றிஸின் பக்கம் திரும்பினா. "தாயே, நீர்தான் கற்பித்தீரோ? நீர் எந்தப் பள்ளியில் வாசித்தீர்?"

பீற்றிஸ் இந்தக் கேள்விக்காகத்தான் பிறந்தவள் போல இருந்தாள். டவுனில் எத்தனை பள்ளிக்கூடம் இல்லை? ஒன்றின் பேரைச் சொன்னால் போதும். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? இடம் கிடைத்துவிட்டது. ஊருக்குப் போனால் இன்னும் பத்து வருசத்துக்கு அவளே ராணி. அவள் வாயைத் திறந்தாள். அப்போது பக்கத்து மண்டபத்தில் பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கிற சத்தம் கேட்டது. வாசலால் பார்த்தால் ஒரு நீண்ட மரவாங்கு. வாங்கு நிறையப் பிள்ளைகள். எல்லாருடைய புத்தகமும் ஒரே பக்கமாக. நாளைக்கு அந்த வாங்கில் ஒரு புத்தகம் மட்டும் தலைகீழாக இருக்கும். பக்கத்துப் பிள்ளை பார்த்துச் சிரிக்கும். வாங்கு முழுக்கச் சிரிக்கும். ஆண்டகை வருகிற நாளில் சபை முழுக்கச் சிரிக்கும். தான் ஊரில் போட்ட வேசத்துக்கெல்லாம் இந்தப் பிள்ளை சிரிப்பு வாங்கப்போகிறது என்று நினைத்ததும் பீற்றிஸ் வாய்க்கு வந்த பள்ளிக்கூடப் பேரை விழுங்கிவிட்டாள்.

"நோ, மதர்," என்றாள். "நோ ஸ்கூல்."

மதருக்கு விளங்கவில்லை. "பின்பு எப்படி வாசிக்கிறீர்?" என்று கேட்டு, மேசையில் கிடந்த புத்தகத்தைக் காட்டினா. பிலோமினா திருப்பியபடி அது இன்னும் மதருக்கு நேராகவே இருந்தது. பீற்றிஸ் நின்ற இடத்திலிருந்தே எட்டிப்பார்த்து ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தாள். மதர் சிரித்தபடி, "இவ்வளவு நன்றாக வாசிக்கிற நீர் ஏன் பொய் சொல்லவேண்டும்?" என்றா.

அப்போது பீற்றிஸ் குனிந்து, தன் கையாலேயே அந்தப் புத்தகத்தைத் திருப்பி, தனக்கு நேராக வைத்தாள். பார்த்தாள். உதடு அசைந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. மதர் காத்திருந்தா. பீற்றிஸ் விரலை முதல் எழுத்தில் வைத்தாள், எடுத்தாள். பிலோமினா தாயின் முகத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவளுடைய இங்கிலீசு முழுவதும் அந்த இடத்தில் கைவிட்டுவிட்டது. பால் குடிக்கச் சொல்ல, தூங்கப் போகச் சொல்ல, ஆட்டை விரட்ட அதில் வழியிருந்தது. இதைச் சொல்ல வழியில்லை.

"துரைட மகன் படிக்கக்குள்ள நான் மேசைக்கு எதிர்ல நிண்டு ஈ கலைச்சனான், மதர். இந்தப் பக்கத்த எனக்கு ஒருத்தரும் காட்டல்ல."

வெளியே கூடைக்குள் நண்டு பிறாண்டுகிற சத்தம் கேட்டது. மதர் கண்ணாடியைக் கழற்றினா. துடைத்தா. மறுபடி போட்டுக்கொண்டா. பீற்றிஸ் பிள்ளையின் கையைப் பிடித்துக் கதிரையிலிருந்து இறக்கப் போனாள்.

"இருக்கட்டும்" என்று மதர் சொன்னா. "இரண்டாம் வகுப்பு இல்லை. பாலர் வகுப்பு. முதல் எழுத்திலிருந்து படிப்பாள்."

பிலோமினாவுக்கு அது பிடிக்கவில்லை. "எனக்குத் தெரியும்!" என்று சண்டைக்கு வந்தாள். மதர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் கனத்த கதிரையைத் தரையில் கிறீச்சென்று இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி இந்தப்பக்கம் வந்தா. பிலோமினாவின் கதிரைக்குப் பக்கத்தில் போட்டா. தான் உட்காரவில்லை. பீற்றிஸின் தோளைப் பிடித்து அதில் உட்காரவைத்தா. பிறகு பின்னால் நின்றபடி, இரண்டு பேருக்கும் நடுவால் கையை நீட்டி, புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி, முதல் எழுத்தில் விரலை வைத்தா.

"ஏ," என்றா மதர்.

"ஏ," என்றாள் பிலோமினா, கோபமாக.

"ஏ," என்ற பீற்றிஸின் கண்ணீர் பொலபொலவென்று துரைசாணியின் கவுனில் விழுந்தது.

யாக்கோப்பு யன்னலில் தலையை நீட்டினான். பெண்சாதி அழுவதைக் கண்டதும் கூடையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"என்ன புள்ள, இடம் கிடைக்கல்லையா? நண்டக் குடுக்கவா, திருப்பிக் கொண்டு போகவா?"

பீற்றிஸ் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் இரண்டாம் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.